பழைய ஃபைபர்கிளாஸ் அம்பு உங்கள் வில்லுக்குப் பொருந்துமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் பிரான்சுக்குப் போய் வந்த உறவினர் உள்ள குடும்பங்கள் பல உண்டு. அப்படி ஒருவர் வீட்டுப் பரணில் பழைய ரீகர்வ் வில்லும் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்), கூடவே ஒரு கட்டு ஃபைபர்கிளாஸ் அம்பும் கிடைத்தால் முதலில் வருவது சந்தோஷம், அடுத்து வருவது குழப்பம். இந்த அம்பை இந்த வில்லில் விடலாமா? வேறு வில்லில்? புதுச்சேரி, கடலூர் பக்கம் வில் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இவை 1950, 60களில் பரவலாகப் புழங்கிய அம்புகள். ஒழுங்காக அளந்து பொருத்தினால் இன்றும் அருமையாகப் பறக்கும். அளக்காமல் நாணில் ஏற்றுவதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஸ்பைன் என்கிறார்களே, அது என்ன?

அம்புத் தண்டின் விறைப்பு. தண்டை இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் எடை தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறது என்பதுதான் அளவு. தொய்வு குறைந்தால் விறைப்பு அதிகம்.

நாணை விட்ட நொடியில் அம்பு நேராகப் போவதில்லை. பின்னாலிருந்து நாண் தள்ளுகிறது, முன்னால் முனையின் எடை தயங்குகிறது, இடையில் தண்டு வளைகிறது. பாரம்பரிய வில்லில் அம்பு வில்லின் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பதால், தண்டு முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் நெளிந்து, வில்லின் உடலைச் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் போன்ற இயற்பியலாளர்கள் அதிவேகப் படம் எடுத்து இந்த நெளிவைக் கண்ணுக்குக் காட்டினார்கள். இந்த நெளிவின் வேகம் வில்லின் பலத்தோடு ஒத்துப்போக வேண்டும். விறைப்பு கூடினால் அம்பின் வால் வில்லில் இடிக்கும், வலக்கைக்காரருக்கு அம்பு இடப்பக்கம் போகும். விறைப்பு குறைந்தால் வலப்பக்கம் போகும்.

என் அம்பில் 8 என்று எண் போட்டிருக்கிறது. 40 பவுண்டு (இழுக்கத் தேவையான பலம்) வில்லுக்குச் சரியா?

அந்த எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். மைக்ரோஃபிளைட் போன்ற பழைய தண்டுகளில் 6, 8, 10 என்று எண் வரும். எண் கூடக்கூடத் தண்டின் பருமனும் விறைப்பும் கூடும். ஆனால் அது அளவு எண்தான், பவுண்டு கணக்கு இல்லை. ஒரு நிறுவனத்தின் எண்ணை வைத்து இன்னொரு நிறுவனத்தின் தண்டை எடைபோட முடியாது. அலுமினிய அம்பில் 1816 என்று இருந்தால் பருமன் ஓர் அங்குலத்தின் 64இல் 18 பங்கு, சுவர்த் தடிமன் ஆயிரத்தில் 16 பங்கு என்று படித்துவிடலாம். ஃபைபர்கிளாஸில் அப்படி ஒரு பொது மொழி கிடையாது. இப்போதைய கார்பன் அம்பில் வரும் 500, 600 என்ற எண்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரான்சிலிருந்து வந்த கட்டு என்றால் அதில் பீமன் நிறுவனத்தின் பழைய கார்பன் அம்பும் கலந்திருக்கலாம், அது அங்கே பிறந்த நிறுவனம். கறுப்பாக, ஒல்லியாக, பருமனுக்குப் பொருந்தாத விறைப்போடு, கையில் இலேசாக இருந்தால் கார்பனாக இருக்கும். அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

வீட்டிலேயே விறைப்பை அளப்பது எப்படி?

கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு பலகையின் விளிம்பில் இரண்டு ஆணி, அவற்றுக்கு நடுவே சரியாக 26 அங்குலம், அதாவது 66 செ.மீ. அம்பை அந்த ஆணிகள் மேல் வையுங்கள். முனையும் நாண் மாட்டும் காடியும் ஆணிகளுக்கு வெளியே இருக்கட்டும், தண்டு மட்டுமே வளைய வேண்டும். நட்ட நடுவில் 907 கிராம் தொங்கவிடுங்கள், அதுதான் இரண்டு பவுண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கொக்கியையும் சேர்த்து 907 கிராம் வரும்வரை தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் போதும். சமையலறைத் தராசு இருந்தால் ஐந்து நிமிட வேலை.

எடை போடும் முன் தண்டின் நடு எங்கே இருந்தது, போட்ட பின் எங்கே இறங்கியது, இந்த வித்தியாசத்தை மி.மீட்டரில் எடுங்கள். பின்னால் ஒரு அட்டையை நிறுத்தி இரண்டு இடத்திலும் கூர்மையான பென்சிலால் கோடு போட்டால் நன்றாகத் தெரியும். வெர்னியர் இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது 660ஐ அந்த மி.மீட்டரால் வகுத்தால் பவுண்டு கணக்கில் ஸ்பைன் கிடைக்கும். 13.2 மி.மீ. தொய்ந்தால் 50 பவுண்டு. 16.5 தொய்ந்தால் 40. 11 தான் தொய்கிறது என்றால் 60.

ஒரே அம்பைக் கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பி நான்கு முறை அளங்கள். பழைய தண்டுகளில் பல, பிசின் தோய்த்த கண்ணாடி இழையைச் சுருட்டிச் செய்தவை. மடிப்பு வரும் பக்கம் சற்று விறைப்பாக இருக்கும். எல்லா அம்பிலும் விறைப்பான பக்கம் வில்லைப் பார்த்தபடி இருக்குமாறு காடியை ஒட்டினால் அம்புகள் இலக்கில் நெருங்கி விழும். இதைச் செய்ய நிறையப் பேர் சோம்பல்படுகிறார்கள். ஆனால் பழைய அம்பில் அதிகப் பலன் தரும் வேலை இதுதான் என்பது என் கருத்து.

அளவை ஒவ்வொரு தண்டிலும் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். 5 பவுண்டுக்குள் இருப்பவை ஒரு கூட்டம். 50 பவுண்டு அளவில் அது ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. வித்தியாசம்தான், கவனமாக அளக்க வேண்டும்.

அம்பு குட்டையாக இருக்கிறது, 26 அங்குல இடைவெளியில் நிற்கவில்லை.

60 செ.மீ. இடைவெளியில் அளங்கள். தொய்வு இடைவெளியின் முப்படியில் மாறும், அதனால் கிடைத்த மி.மீட்டரை 1.33ஆல் பெருக்கினால் 66 செ.மீட்டருக்கான தொய்வு வந்துவிடும். ஆனால் அவ்வளவு குட்டை அம்பு உங்கள் கைக்குப் பொருந்துமா என்பதை முதலில் பாருங்கள். முழுதாக இழுத்தபோது முனை வில்லின் முதுகுக்கு (இலக்கைப் பார்க்கும் பக்கம்) உள்ளே வந்தால் அந்த அம்பை விடவே கூடாது. முனை வில்லிலோ கையிலோ குத்தும்.

கடைகளில் வரும் 500, 600 கணக்கோடு இதை எப்படி ஒப்பிடுவது?

அது வேறு முறை: 28 அங்குல இடைவெளி, 880 கிராம் எடை, தொய்வு ஆயிரத்தில் ஓர் அங்குலக் கணக்கு. 500 என்றால் அரை அங்குலம் தொய்வு. அதை 0.825ஆல் பெருக்கினால் பழைய 26 அங்குல முறையின் தொய்வு கிடைக்கும். அந்த வழியில் 500 என்பது சுமார் 63 பவுண்டு, 600 என்பது 52 அல்லது 53, 700 என்பது 45.

வில்லில் 45 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

எழுதியிருப்பது 28 அங்குலம் இழுத்தால் வரும் பலம். நம்மில் பலர் அவ்வளவு இழுப்பதில்லை. ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 2 முதல் 3 பவுண்டு குறையும். 26 அங்குலம் இழுக்கிறவர் கையில் 45 பவுண்டு வில் ஏறக்குறைய 40தான். வில்லும் பழையது என்றால் ஆண்டுகளில் கொஞ்சம் பலம் இறங்கியிருக்கலாம்.

அளப்பது சுலபம். மீன் வியாபாரிகளிடம் இருக்கிற மாதிரித் தொங்கு தராசை நாணில் மாட்டி, நீங்கள் இழுக்கிற நீளம்வரை இழுத்துப் பாருங்கள். கிலோவை 2.2ஆல் பெருக்கினால் பவுண்டு. 18 கிலோ காட்டினால் சுமார் 40 பவுண்டு. உங்கள் இழுப்பு நீளம் தெரிய, நீளமான ஓர் அம்பை இழுத்துப் பிடியுங்கள், பக்கத்தில் நிற்பவர் வில்லின் முன்பக்கம் வரும் இடத்தில் தண்டில் குறி போடட்டும். இதை நாலைந்து தடவை செய்யுங்கள். முதல் தடவை எல்லோரும் வழக்கத்தைவிட அதிகம் இழுத்துவிடுவார்கள்.

சரி, எந்த வில்லுக்கு எத்தனை பவுண்டு ஸ்பைன்?

அம்பு உட்காரும் திட்டு வில்லின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நடுவரை வெட்டிய ரீகர்வில் அம்பு அதிகம் வளைந்து சுற்ற வேண்டியதில்லை, விறைப்பான அம்பையும் அது ஏற்றுக்கொள்ளும். நடுவுக்கு எட்டாத லாங்போவில் (நுனி வளையாத நீண்ட வில்) அம்பு நன்றாக வளைய வேண்டும்.

28 அங்குல அம்பு, 125 கிரெயின் முனை (சுமார் 8 கிராம்), டேக்ரான் நாண் என்று வைத்துக்கொண்டால் இங்கிருந்து தொடங்கலாம். நடுவரை வெட்டிய ரீகர்வுக்கு, உங்கள் இழுப்பில் வரும் பலத்தைவிட 5 முதல் 10 பவுண்டு கூடுதலான ஸ்பைன். நடுவுக்கு எட்டாத லாங்போவுக்கு, பலத்துக்குச் சமம் அல்லது 5 குறைவு. திட்டே இல்லாமல் கைமேல் வைத்து விடும் வில்லுக்கு 5 முதல் 10 குறைவு.

அம்பு 28ஐவிட ஓர் அங்குலம் நீளமானால் 5 பவுண்டு கூடுதல் ஸ்பைன் வேண்டும், குட்டையானால் 5 குறைவு போதும். முனை கனமானாலும் கூடுதல் வேண்டும். நாண் ஃபாஸ்ட்ஃபிளைட் வகை என்றால் இன்னும் 5 கூட்டுங்கள், அந்த நாண் சக்தியை அதிகம் கடத்தும். ஆனால் பழைய வில்லில் அந்த நாணைப் போடாதீர்கள். வில்லின் நுனி அதற்காகச் செய்யப்பட்டதில்லை, பிளந்துவிடும். டேக்ரானே போதும்.

உதாரணமாக, உங்கள் கையில் 42 பவுண்டு வரும் ரீகர்வ் நடுவரை வெட்டியது, அம்பு 28 அங்குலம். 47 முதல் 52 பவுண்டு ஸ்பைனில் தேடுங்கள். பாட்டில் சோதனையில் அது 12.7 முதல் 14 மி.மீ. தொய்வு.

இது தொடக்கம் மட்டுமே. விரல் விடும் விதம் ஆளுக்கு ஆள் மாறும், கடைசி முடிவை அம்புதான் சொல்லும்.

அளவை மட்டும் பார்க்காமல், அம்பை இறகு இல்லாமல் விட்டுப் பார் என்கிறார்கள். எப்படி?

ஒரே விறைப்புள்ள அம்புகளில் மூன்றில் இறகு இருக்கட்டும், ஒன்றில் இறகை எடுத்துவிடுங்கள். 10 மீட்டர் தூரத்தில் விடுங்கள். வலக்கைக்காரருக்கு இறகில்லாத தண்டு இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு அதிகம், வலப்பக்கம் விழுந்தால் குறைவு. இடக்கைக்காரருக்கு நேர் எதிர். தண்டு கீழே விழுந்து வால் மேலே தூக்கி நின்றால் நாணில் காடி மாட்டும் இடம் உயரமாக இருக்கிறது, கொஞ்சம் இறக்குங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விறைப்பு மிகவும் குறைந்த அம்பு அளவுக்கு மீறி வளைந்து, வால் வில்லில் பட்டு இடப்பக்கம் தெறிக்கும். விறைப்பு அதிகம் என்று நினைத்து முனையைக் கனமாக்கினால் நிலைமை மோசமாகும். இடப்பக்கம் போன அம்பு விடும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்டதா, வில்லின் பக்கத்தில் அம்பு உரசும் இடத்தில் ஒட்டிய தோலில் தேய்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டில் அளவு குறைந்த ஸ்பைன் காட்டி, அம்பு இடப்பக்கம் போனால் அளவை நம்புங்கள்.

பழைய ஃபைபர் தண்டை இறகில்லாமல் விடும்போது அது சாய்ந்து குத்தி நடுவில் ஒடியக்கூடும். அதனால் மெத்தென்ற இலக்கு வேண்டும். சாக்கில் பழைய புடவை, கிழிந்த துணி திணித்துச் சவுக்குக் கழியில் கட்டித் தொங்கவிட்டது நன்றாக வேலை செய்யும்.

விறைப்பு ஒத்துவராவிட்டால் அம்பைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

விறைப்பு அதிகமானால் வழி நிறைய உண்டு. கனமான முனை போடலாம். வில்லின் பக்கத் திட்டில் ஒட்டிய தோலை மெல்லியதாக மாற்றலாம், அம்பு நடுவுக்கு நெருங்கும். எனவே பழைய கட்டு வாங்கும்போது சற்று விறைப்பான பக்கம் சாய்வதே நல்லது.

விறைப்பு குறைந்தால் தண்டை வெட்டிக் குட்டையாக்கலாம், முனையை இலேசாக்கலாம், பக்கத் தோலைத் தடிப்பாக்கலாம். பழைய அம்புகள் ஏற்கனவே யாரோ ஒருவர் இழுப்புக்கு வெட்டப்பட்டவை. இன்னும் வெட்ட இடம் இருக்கிறதா என்பது உங்கள் இழுப்பைப் பொறுத்தது. முனை உள்ளே வரும் அளவுக்கு வெட்டுவதைவிட, அந்த அம்பைப் பலம் குறைந்த வில் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

அம்பு ரொம்பக் கனமாக இருக்கிறதே, பரவாயில்லையா?

பழைய வில்லுக்கு நல்லதுதான். கண்ணாடி இழைக் குழாயின் விறைப்பு, பருமன் ஒன்றாக இருந்தால், அலுமினியத்தின் விறைப்பில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். அதை ஈடுகட்டச் சுவர் தடிமனாகிறது, எடை ஏறுகிறது. முனையோடு 450, 500 கிரெயின் என்பது சாதாரணம். பாரம்பரிய வில்லுக்குப் பவுண்டுக்கு 8 முதல் 10 கிரெயின் அம்பு எடை வேண்டும். 40 பவுண்டு வில்லுக்கு 400 கிரெயின், அதாவது 26 கிராம். கனமான அம்பு வில்லின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், கையில் நடுக்கம் குறையும், சத்தமும் குறையும். தூரத்தில் அம்பு சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான்.

நகைத் தராசில் ஒவ்வோர் அம்பையும் எடை போடுங்கள். ஒரு கிராம் 15.4 கிரெயின். ஒரு கிராமுக்குள் இருப்பவை சேர்ந்து பறக்கும்.

சந்தையில் கிடைக்கும் கெட்டியான ஃபைபர் கம்பியில் அம்பு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கம்பி மி.மீ. கணக்கில் சிறிது மாறினாலும் விறைப்பு தலைகீழாக மாறும். விறைப்பு பருமனின் நான்காம் படியில் ஏறுவதால், 6 மி.மீ. கம்பியைவிட 8 மி.மீ. கம்பி மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு. என் கணக்கில் 6 மி.மீ. கெட்டிக் கம்பி சுமார் 31 பவுண்டு ஸ்பைன், 8 மி.மீ. கம்பி 100 பவுண்டு. எடையும் பாருங்கள்: 75 செ.மீ. நீளத்தில் 6 மி.மீ. கம்பியே 40 கிராமைத் தாண்டும், 8 மி.மீ. கம்பி 70 கிராமைத் தாண்டும். 8 மி.மீ. கம்பி பலமான வில்லில் தண்ணீருக்குள் மீன் எய்யும் அம்பாக இருக்கலாம். நம் இலக்குப் பயிற்சிக்கு 6 மி.மீ. கம்பி 25, 30 பவுண்டு வில்லுக்குத்தான்.

இவ்வளவு பழைய அம்பு பாதுகாப்பானதுதானா?

பார்த்து எடுத்தால் பாதுகாப்பு. பார்க்காமல் எடுத்தால் இல்லை. கண்ணாடி இழை கெடுவதில்லை, அதைப் பிடித்திருக்கும் பிசின்தான் கெடும். தேவனாம்பட்டினத்திலோ தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலோ ஃபைபர் படகு சரிசெய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெயிலில் கிடந்த படகின் மேல்தோல் பொடிந்து, இழை வெளியே தெரியும் இடத்தைத்தான் அவர்கள் முதலில் தேய்ப்பார்கள்.

நான் சொல்லும் சோதனை இது. பஞ்சை எடுத்துத் தண்டின் மேல் நுனியிலிருந்து வால்வரை இழுங்கள். எங்காவது பஞ்சு சிக்கினால் அங்கே இழை பிரிந்திருக்கிறது. அடுத்து தண்டை இரு கையாலும், உடலைவிட்டு விலக்கிப் பிடித்து, மெதுவாக வளைத்துச் சுற்றிலும் திருப்புங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தாலோ, ‘டிக்’ என்று சத்தம் வந்தாலோ அம்பு முடிந்துவிட்டது. ஒட்டிப் பயன்படுத்த நினைக்காதீர்கள், இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள், யாரும் எடுத்துவிடக் கூடாது. வில்லில் ஒடியும் ஃபைபர் அம்பு இடக் கையில் ஏறும், அந்தச் சிம்புகளை எடுப்பது மருத்துவருக்கே கஷ்டம். வளைத்துப் பார்க்கும் சோதனையை ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன், அப்புறம் இலக்கின் கட்டையில் இடித்த ஒவ்வோர் அம்புக்கும் செய்ய வேண்டும்.

காடியை எப்போதும் மாற்றிவிடுங்கள். பழைய பிளாஸ்டிக் காடி வெறுமனே பார்த்தால் நன்றாக இருக்கும், நாண் ஏறியதும் பிளக்கும். அது பிளந்தால் அம்பில்லாமல் நாணை விட்டது போல வில்லுக்கு அடி விழும். புதுக் காடி நாணில் கவ்வ வேண்டும், நாணை விரலால் தட்டினால் விழ வேண்டும்.

தண்டை எதில் வெட்டுவது? முனையை எப்படிக் கழற்றுவது?

கத்தியோ, குழாய் வெட்டும் கருவியோ வேண்டாம், இழை பிளக்கும். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி மெல்லிய கட்டிங் டிஸ்க்கால் அறுத்து, ஈரத்தில் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். வெட்டு முகத்தில் கொஞ்சம் ஈபாக்ஸிப் பசை தடவுங்கள். முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். அந்தத் தூசி தோலில் பட்டால் இரவெல்லாம் அரிக்கும், மூச்சில் போனால் அதைவிடக் கெட்டது.

முனையைக் கழற்ற முனையின் உலோகத்தை மட்டும் சூடாக்கி, பிளையரால் பிடித்துத் திருகுங்கள். தீ தண்டில் பட்டால் பிசின் வெந்து அந்த இடம் நிரந்தரமாகப் பலவீனமாகும்.

மூங்கில் வில்லுக்கும் மங்கோலிய வகை வில்லுக்கும் இதே கணக்கா?

மூங்கில் வில் இந்தியன் ரவுண்ட் போட்டிகளில் பழகியவர்களுக்கு அறிமுகமானது. அதில் நடுவரை வெட்டிய திட்டு கிடையாது. எனவே மேலே சொன்னபடி குறைந்த ஸ்பைன். போட்டிக்கு என்றால் எந்தத் தண்டுக்கு அனுமதி என்பதை முதலில் நடத்துபவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மங்கோலிய வகையில் கட்டைவிரலால் இழுத்தால் அம்பு வில்லின் மறுபக்கம் உட்காரும், இடம் வலம் எல்லாம் மாறிப் படிக்க வேண்டும்.

கடலூர் சில்வர் பீச்சில் விடலாமா? மணலில் அம்பு பாழாகாதே.

கூடாது. கடற்கரையில் ஆள் நடமாட்டம் எந்த நேரமும் உண்டு, 40 பவுண்டு வில்லிலிருந்து தவறும் அம்பு நூறு மீட்டருக்கு மேல் போகும். மணலில் புதைந்த ஃபைபர் அம்பை யாராவது வெறுங்காலால் மிதித்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது. பின்னால் சுவரோ மண் மேடோ இருக்கும் சொந்த இடத்தில், ஆள் வராதபடி தடுத்துவிட்டுப் பழகுங்கள். பறவை, முயல் என்று எதையும் குறிவைக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டை, தண்டனை உண்டு.

உப்புக்காற்றில், மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது?

தண்டுக்கு உப்புக்காற்று பெரிய விஷயமில்லை, இரும்பு முனைக்குத்தான். பயிற்சி முடிந்ததும் துடைத்து, முனைக்கு ஒரு துளி எண்ணெய் தடவுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இறகு நனைந்தால் படுத்துவிடும். கெட்டில் ஆவியில் ஒரு சுற்றுக் காட்டினால் எழுந்து நிற்கும், ஆனால் தண்டில் ஆவி அதிகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒட்டிய பசை இளகும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அம்பை விடாதீர்கள். சுவரில் சாய்த்து வைக்காமல், கிடையாகவோ நேராகத் தொங்கவிட்டோ வையுங்கள். ஓராண்டு எடுக்காமல் வைத்திருந்தால் மறுபடி பஞ்சு, வளைப்பு, பாட்டில் மூன்று சோதனையும் செய்துவிட்டுத்தான் நாணில் ஏற்ற வேண்டும்.